நியூயார்க் மாரத்தான்: விடுபட்டுப்போன ஆறு ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் மாரத்தான் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நகரின் ஐந்து வட்டாரங்கள், ஐந்து பாலங்கள், வழிநெடுகத் திரண்டு நிற்கும் மக்கள் என இன்றைய ஓட்டத்தின் பெருங்காட்சியைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். குவீன்ஸில் நெடுங்காலமாக வசித்துவரும் எனக்கு அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், "1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த ஓட்டம்" என்று அதன் பிறப்பை ஒரே வரியில் முடித்துவிட்டு அவர் அப்பால் போய்விட்டார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நியூயார்க் மாரத்தான் தொடங்கியது 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று. இதற்கு ஆவணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு நடந்த ஓட்டத்தை ஐம்பதாவது ஓட்டம் என்று அமைப்பாளர்களே கொண்டாடினார்கள். சாண்டி புயலால் கைவிடப்பட்ட 2012ஆம் ஆண்டையும், கொரோனாவால் கைவிடப்பட்ட 2020ஆம் ஆண்டையும் கழித்துவிட்டு எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக 1970இல் போய் நிற்கும். வெறும் ஆண்டுப் பிழை என்றால் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டிருப்பேன். 1970 முதல் 1975 வரையிலான ஆறு ஓட்டங்களும் முழுக்க முழுக்க மன்ஹாட்டனில் உள்ள சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்காவின் உள்ளேயே நடந்தவை. அந்த ஆறு ஆண்டுகளை நீக்கிவிட்டால், பிற்காலத்தில் இந்த ஓட்டத்துக்கு வாய்த்த குணம் எங்கிருந்து வந்தது என்பதே விளங்காமல் போய்விடுகிறது.

முதல் ஓட்டத்தின் அளவைப் பார்த்தால் இன்றைய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். ஓடத் தொடங்கியவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 55 பேர். மொத்தச் செலவு ஏறத்தாழ ஆயிரம் டாலர். முன்னணியில் வந்தவர்களுக்கு மலிவான கைக்கடிகாரங்களும், வேறு ஏதோ விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டு மிஞ்சியிருந்த பழைய கோப்பைகளும் வழங்கப்பட்டன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். வெற்றிபெற்ற கேரி மர்க்கி நியூயார்க் தீயணைப்புத் துறையில் பணியாற்றியவர். முந்தைய இரவு பணி முடித்துவிட்டு வந்து, வெப்பம் மிகுந்த அந்த நாளில் 2 மணி 31 நிமிடம் 38 நொடிகளில் ஓடி முடித்தார். அமைப்பாளர்களில் ஒருவரான ஃபிரெட் லெபோவும் அதே ஓட்டத்தில் ஓடி, 4 மணி 12 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 45ஆவதாக வந்தார். நடத்துபவரே ஓட்டக்காரர்களின் பின்வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த போட்டி அது.

பூங்காவுக்குள் ஏன் ஓடினார்கள் என்பதற்குக் காரணம் எளியது. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வார இறுதிகளில் பூங்காவின் உட்சாலைகள் வாகனங்களுக்கு மூடப்பட்டிருந்தன. ஆகவே போக்குவரத்தை நிறுத்தும்படி எவரிடமும் மன்றாட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன் 1959 முதலே நியூயார்க் சாலை ஓட்டக்காரர் சங்கம் பிராங்ஸ் பகுதியில் 'செரி ட்ரீ மாரத்தான்' என்ற பெயரில் ஒரு சிறிய ஓட்டத்தை நடத்திவந்தது. அங்கே சாலை ஓட்டக்காரர்களுக்காக ஒதுங்கவில்லை. காரோட்டிகளுக்கும் அந்த அரைக்கால்சட்டை மனிதர்கள் இடைஞ்சலாகவே தெரிந்தார்கள். லெபோவும் அவருடன் சேர்ந்து ஓட்டத்தை அமைத்த வின்ஸ் சியாப்பெட்டாவும் அதைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது அதுவே பெரிய முன்னேற்றமாக இருந்தது.

பூங்காவின் சுற்றுச்சாலை ஏறக்குறைய ஆறு மைல் நீளமுடையது. ஆகவே மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை எட்ட நான்கு முறைக்கு மேல் சுற்றிவர வேண்டும். வடகோடியில் ஹார்லெம் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. முதற்சுற்றில் அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கும் நான்காம் சுற்றில் அது மலையாகத் தெரியும். சுற்றுப்பாதையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஓட்டத்தைக் கைவிட நினைப்பவர், துணிமணிகளும் நண்பர்களும் காத்திருக்கும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் கடந்தே போக வேண்டும். 127 பேரில் 72 பேர் முடிக்காமல் நின்றுவிட்டதற்கு வெயில் மட்டுமே காரணமாக இருந்திருக்காது என்பது, அந்தச் சாலையில் ஓடிப் பழகியவன் என்ற முறையில் என் எண்ணம்.

கட்டுரையில் லெபோவுக்குக் கிடைத்த இடத்தில் கால்பங்காவது டெட் கார்பிட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டும். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மாரத்தான் ஓடிய கறுப்பின வீரரான அவர், 1958இல் உருவான நியூயார்க் சாலை ஓட்டக்காரர் சங்கத்தின் முதல் தலைவர். சாலையில் ஓடப்படும் தூரத்தைத் துல்லியமாக அளப்பது எப்படி என்று ஆராய்ந்து, சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியால் அளக்கும் முறையை 1964இல் எழுதி வெளியிட்டவரும் அவரே. அமெரிக்காவில் 'மாரத்தான்' என்று பெயர்சூட்டி மனம்போன தூரத்துக்கு ஓட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில், நேரக்கணக்குக்குப் பொருள் ஏற்படுத்தித் தந்த வேலை அது. லெபோவுக்கு விளம்பரக் கலை கைவந்திருந்தது. ருமேனியாவின் அராட் நகரில் பிறந்து, போருக்குப் பின் அகதியாய் அலைந்து, நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழிலில் பிழைத்தவருக்கு அது வராமலிருந்தால்தான் வியப்பு. இருப்பினும் அளவுகோல் கார்பிட்டுடையது. 1981இல் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடிகளில் ஓடி உலக சாதனை என்று கொண்டாடப்பட்டதும், பின்னர் மீண்டும் அளந்தபோது பாதை ஏறத்தாழ 150 மீட்டர் குறைவாக இருந்தது தெரியவந்து அந்தச் சாதனை ஏற்கப்படாமல் போனதும் தங்கள் கட்டுரையிலேயே வருகின்றன. அந்தச் சங்கத்தின் முதல் தலைவர் எதற்காக மிதிவண்டியும் கையுமாகத் திரிந்தார் என்பதை அந்த இடத்தில் இரண்டு வரியில் சேர்த்திருக்கலாம்.

கட்டுரையின் மிகப் பெரிய விடுபாடு பெண்களைப் பற்றியது. 1970ஆம் ஆண்டின் 127 பேரில் பெண் ஒருவர் மட்டுமே. நீனா குசிக் என்ற அவர் உடல்நலக் குறைவால் இடையில் நின்றுவிட்டார். அமெரிக்கத் தடகளத்தை அன்று கட்டுப்படுத்திவந்த அமெச்சூர் தடகளச் சங்கத்தின் விதிகள் பெண்களுக்கு மாரத்தான் தூரத்தை அனுமதிக்கவில்லை. நெடுந்தூரம் ஓடினால் பெண்ணுடல் கெடும் என்று மருத்துவத்தின் பெயரால் சொல்லப்பட்ட காலம் அது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 1,500 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் மனநிலை புரியும். சென்ட்ரல் பார்க் அமைப்பாளர்களோ வந்த பெண்களைத் திருப்பி அனுப்பவில்லை. 1971ஆம் ஆண்டே பெத் பானர் 2 மணி 55 நிமிடம் 22 நொடிகளிலும், குசிக் 2 மணி 56 நிமிடம் 4 நொடிகளிலும் ஓடி முடித்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்த உலகின் முதல் சில பெண்களில் இருவர், ஒரே நாளில், ஒரே பூங்காவில் அதைச் செய்தார்கள்.

அதன்பின் தடகளச் சங்கம் சற்றே இறங்கிவந்தது. பெண்கள் மாரத்தான் ஓடலாம், ஆனால் ஆண்களுடன் சேர்ந்து புறப்படக் கூடாது. வேறு இடத்திலிருந்தோ வேறு நேரத்திலோதான் புறப்பட வேண்டும் என்றது. அதன்படி 1972 அக்டோபர் 1ஆம் தேதி ஓட்டத்தில் பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. அன்று களத்தில் இருந்த பெண்கள் ஆறு பேர். அவர்களுக்கான துப்பாக்கி ஒலித்ததும் அறுவரும் ஓடவில்லை; தொடக்கக் கோட்டிலேயே சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். 'இது 1972, விழித்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் தடகளச் சங்கத்தை நோக்கி எழுதிய அட்டைகள் அவர்கள் கைகளில் இருந்தன. பத்திரிகைப் படக்காரர்கள் சூழ்ந்து நின்று படமெடுத்தார்கள். பத்து நிமிடம் கழிந்து ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்தபோது எழுந்து, எல்லோருடனும் சேர்ந்து ஓடத் தொடங்கினார்கள். தடகளச் சங்கமும் சளைக்கவில்லை. அறுவரின் நேரத்திலும் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தைச் சேர்த்தே பதிவுசெய்தது. அன்று முதலாவதாக வந்த குசிக்கின் பெயருக்கு எதிரே இன்றும் நிற்கும் 3 மணி 8 நிமிடம் 41 நொடி என்ற நேரத்துக்குள் அந்தப் பத்து நிமிடமும் அடங்கியிருக்கிறது.

தனிப் புறப்பாட்டு விதி அதற்குப் பின் நீடிக்கவில்லை. அதே 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே பூங்காவில் பெண்களுக்கென்றே தனியாக ஒரு சாலை ஓட்டம் நடத்தப்பட்டதையும், அதில் 78 பேர் கலந்துகொண்டதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் இடம்பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் கேட்ட வாதங்கள் பலவும் முதலில் ஒத்திகை பார்க்கப்பட்டது இந்தப் பூங்காவின் சுற்றுச்சாலையில்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே ஒரு சுவையான முரணையும் குறிப்பிட வேண்டும். 2002ஆம் ஆண்டிலிருந்து நியூயார்க் மாரத்தானின் முன்னணி வீராங்கனைகள் ஆண்களுக்கு முன்னதாகவே தனியாகப் புறப்படுகிறார்கள். எழுபத்திரண்டில் எதை எதிர்த்து உட்கார்ந்தார்களோ, அதுவே திரும்பிவந்துவிட்டதே என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். அன்று பெண்களை ஒதுக்கிவைப்பதற்காகப் பிரித்தார்கள். இன்று ஆண்களின் கூட்டத்துக்குள் அவர்களின் போட்டி மறைந்துபோகாமல், யார் யாரை முந்துகிறார் என்று தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவதற்காகப் பிரிக்கிறார்கள். யார் கேட்டுப் பிரித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தங்கள் கட்டுரை இந்தத் தனிப் புறப்பாட்டை "பெண்களுக்கு அளிக்கப்படும் சலுகை" என்று எழுதியிருப்பது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. பூங்கா ஆண்டுகளின் வரலாறு தெரிந்திருந்தால் அந்தச் சொல் விழுந்திருக்காது.

இனி 1976க்கு வருகிறேன். ஓட்டம் பூங்காவை விட்டு வெளியேறியது லெபோவின் தொலைநோக்கால் என்று கட்டுரை சொல்கிறது. உண்மையில் ஐந்து வட்டாரங்களையும் இணைத்து ஓடலாம் என்ற யோசனையை முன்வைத்து விடாப்பிடியாக நின்றவர் ஜார்ஜ் ஸ்பிட்ஸ் என்ற அரசு ஊழியர், அவரும் ஓட்டக்காரர்தான். நகரச் சாலைகளை மூட யார் சம்மதிப்பார்கள், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று லெபோ முதலில் தயங்கவே செய்தார். மன்ஹாட்டன் வட்டாரத் தலைவர் பெர்சி சட்டன் யோசனைக்குக் கைகொடுத்தார். மேயர் ஏப் பீம் இசைந்தார். கட்டுமானத் தொழிலில் இருந்த ரூடின் குடும்பத்தார், ஓட்டத்தில் நாட்டம் கொண்டிருந்த தம் தந்தையின் நினைவாக 25,000 டாலர் தந்தார்கள். முந்தைய ஆண்டுதான் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்குப் போய் மயிரிழையில் தப்பியிருந்தது. அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டு வேறு. நகரத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது ஒரு செய்தி வரவேண்டும் என்ற தவிப்பில் நகர ஆட்சியாளர்கள் இருந்தார்கள். ஐந்து வட்டார ஓட்டம் அந்த ஒரு ஆண்டுக்கான கொண்டாட்டமாகவே அன்று எண்ணப்பட்டது.

அந்த அக்டோபர் 24 அன்று பதிவுசெய்தவர்கள் 2,090 பேர். பில் ரோட்ஜர்ஸ் 2 மணி 10 நிமிடம் 10 நொடிகளில் வென்றார். ஒலிம்பிக் தங்கம் பெற்ற ஃபிராங்க் ஷார்ட்டர் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். பெண்களில் மிக்கி கோர்மன் முதலிடம் பெற்றார். இதற்குமேல் அந்த நாளைப் பற்றித் தங்கள் கட்டுரையே விரிவாகச் சொல்லிவிட்டது. நான் கூற விரும்புவது ஒன்றே. அன்று சாலைக்கு வந்த ஓட்டத்தை நடத்திய சங்கமும், தன்னார்வலர்களும், நேரம் குறித்தவர்களும், தண்ணீர் கொடுத்தவர்களும் ஆறு ஆண்டுகள் பூங்காவில் பழகியவர்கள். இரண்டாயிரம் பேரை ஐந்து பாலங்களின் வழியே கொண்டுவந்து சேர்த்தது ஒருவருடைய ஒரு நாள் மேதைமையால் நடந்துவிடவில்லை.

நான் சில ஆண்டுகள் மன்ஹாட்டனின் முதலாம் அவென்யூவில் தண்ணீர் மேசையில் நின்றிருக்கிறேன். குவீன்ஸ்பரோ பாலத்தின் கீழ்த்தளத்தில் பார்வையாளர்களுக்கு இடமில்லை; ஆகவே அதைக் கடந்து வருபவர்கள் தம் காலடி ஓசையைத் தவிர வேறொன்றும் கேளாமல் ஏறி இறங்கி, திருப்பத்தில் திடீரென்று எழும் ஆரவாரத்துக்குள் வந்து விழுவார்கள். அந்த ஆரவாரத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டு, பிராங்ஸ் போய்ச் சேர்வதற்குள் களைத்துப்போகிறவர்கள் ஏராளம். எங்களுக்கோ ஒரே வேலைதான்: காகிதக் குவளையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், கையை நீட்டி, பிடியைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும், இறுக்கிப் பிடித்தால் குவளை நசுங்கி, தண்ணீர் இருவர் மீதும் கொட்டும். முதலிலேயே இதைச் சொல்லிக்கொடுத்த முதியவர் பூங்கா நாட்களிலிருந்தே சங்கத்தில் இருந்தவர். வெற்றியாளர்கள் கடந்துபோய் மணிக்கணக்கான பிறகும், கடைசியாக வருபவருக்காக மேசை விரிப்பு எடுக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அமைப்பாளரே 45ஆவதாக வந்த ஓட்டத்தின் வழிமுறை அப்படித்தானே இருக்கும்.

பூங்கா ஆண்டுகளைப் புகழ்வதால், அந்தச் சங்கம் எப்போதும் நியாயத்தின் பக்கமே நின்றது என்று நான் சொல்ல வரவில்லை. பெண்களின் உள்ளிருப்புக்கு உடந்தையாக இருந்து, செய்தியாளர்களை வரவழைத்த அதே லெபோ, சக்கர நாற்காலி வீரர்கள் பங்கேற்க விரும்பியபோது பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார். வழக்குகள் நடந்தன. அவர்களுக்கு அதிகாரபூர்வமான தனிப் பிரிவு கிடைத்தது 2000ஆம் ஆண்டில்தான். லெபோ 1994இலேயே மறைந்துவிட்டிருந்தார். மூளையில் புற்றுநோய் கண்டபின், 1992இல், இந்த ஓட்டத்தை ஒன்பது முறை வென்ற நார்வேயின் கிரேட்டே வைட்ஸ் உடன்வர, ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு அவர் ஐந்து வட்டாரப் பாதையை ஓடி முடித்த நிகழ்ச்சியைத் தங்கள் கட்டுரை உருக்கமாக எழுதியிருக்கிறது. உருக்கமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் மனவுறுதியைப் போற்றும்போது, வேறு சிலரின் மனவுறுதிக்கு அவர் குறுக்கே நின்ற கதையையும் ஒரு வரி சொல்லிவிடுவதே முறை.

2024ஆம் ஆண்டில் 55,646 பேர் இந்த ஓட்டத்தை முடித்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெண்கள். ஸ்டேட்டன் ஐலண்டில் புறப்பட்டு, புரூக்ளின், குவீன்ஸ், பிராங்ஸ் எல்லாம் கடந்து, இன்றும் அவர்கள் வந்து முடிப்பது சென்ட்ரல் பார்க்கின் உள்ளேதான். கட்டுரையுடன் வெளியான வரைபடத்தில் அந்த இடம் "முடிவுக் கோடு" என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. 1970 முதல் 1975 வரை ஓட்டம் முழுவதும் நடந்த இடம் அது என்று ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தால், பார்த்த மாத்திரத்தில் வாசகருக்கு விளங்கியிருக்கும்.

திருத்தக் குறிப்பு வெளியிடும் வழக்கம் தங்கள் நாளிதழுக்கு உண்டு என்பதை அறிவேன். தொடக்க ஆண்டு 1970 என்பதையும், முதல் வெற்றியாளர் கேரி மர்க்கி என்பதையும் அதில் குறிப்பிட வேண்டுகிறேன். இடம் அனுமதித்தால், 1972 அக்டோபர் 1 அன்று பத்து நிமிடம் சாலையில் உட்கார்ந்திருந்த ஆறு பெண்களைப் பற்றியும் விளையாட்டுப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டுரை வெளியிடலாம். அன்றைய புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
குவீன்ஸ், நியூயார்க்